அமாவாசைக்கு எத்தனை நாள் தூரம்

கல்லூரியில், புள்ளியியல் வகுப்பில், ஒட்டுறவுப் பாடத்தை நான் பஜ்ஜியில்தான் ஆரம்பிப்பேன். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி அதிகம் விற்கிற நாட்களில் மின்சார ரயில்களும் தாமதமாக வருகின்றன. இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன. அதற்காக பஜ்ஜிக் கடையை மூடிவிட்டால் ரயில் நேரத்துக்கு வந்துவிடுமா என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன் "மழை மேம்" என்பான். இரண்டையும் பின்னாலிருந்து தள்ளுகிற மூன்றாவது ஒன்று இருக்கும், அதைத் தேடுவதுதான் நம் வேலை, கோடு போடுவதைக் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்புவேன். இப்போதும் அதே பஜ்ஜியைத்தான் சொல்கிறேன். முன்பிருந்த குஷி மட்டும் இல்லை.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. நான், என் கணவர், அவருடைய அம்மா, அவருடைய தம்பி. நான்கு பேரும் பெரியவர்கள் என்பதால் வீட்டில் சத்தமே இருக்காது, ஒரு நாளைத் தவிர.

என் கொழுந்தனுக்குப் படிக்கிற வயதில் மனநோய் வந்தது. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டான். நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மாத்திரை போட்டுக்கொள்வான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான், காய்ந்த துணிகளை ஓரம் பிசகாமல் மடித்து வைப்பான். என் புடவையை நான் மடித்தால் அவனுக்குப் பிடிக்காது, பிரித்து மறுபடி மடிப்பான். அதிகம் பேசமாட்டான். வீட்டுக்கு மேலே விமானம் தாழப் பறந்து போனால் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டு, சத்தம் ஓய்ந்ததும் "இறங்கிட்டான்" என்பான். நாங்களும் "இறங்கிட்டானா, சரி" என்போம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது ஒரு நாளில் எத்தனை தடவை நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமாவாசையன்று மட்டும் அவன் வேறு ஆள். கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்கும். வீட்டுக்குள் நுழைந்தால் தட்டு ஒரு பக்கம், தண்ணீர்ச் சொம்பு ஒரு பக்கம் கிடக்கும். தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். அத்தை சமையலறை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் மூடியிருக்கும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான். நெற்றியில் மட்டும் வீங்கியிருக்கும்.

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் ஒருநாள் என்னை நிறுத்தி, "இன்னிக்கு அம்மாவாசை கீதுல்ல மேடம், அதான் தம்பி இப்டி கத்திகினு கீது. எங்க வூட்டாண்டயும் ஒரு பையன் இப்டித்தான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புள்ளியியலில் முதுகலை படித்துவிட்டு நிலாவின்மேல் பழி போடுகிற வீட்டில் குடித்தனம் நடத்துகிறோமே என்று இருந்தது.

வீட்டுக்குள் இரண்டு கட்சி இருந்தது. அத்தையின் கட்சி நிலா. மாதத்தில் ஒரே ஒரு நாள்தானே, அதைப் பொறுத்துக்கொண்டால் மற்ற நாளெல்லாம் தங்கமான பிள்ளை என்பார். என் கணவருடைய கட்சி காலம். நோய் வருஷத்துக்கு வருஷம் முற்றிக்கொண்டே போகிறது, அமாவாசை எல்லாம் அம்மா தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிற கதை, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்பார். வண்டலூரைத் தாண்டி இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இடம் சுத்தமாக இருக்கிறது, நிறைய மரம் இருக்கிறது என்றார். தம்பிக்கு அங்கே விமானச் சத்தம் கேட்குமா என்று அத்தை கேட்டார்.  என் கணவர் கெட்டவர் இல்லை. களைத்துப்போயிருந்தார்.

தம்பி எங்களோடு இருப்பானா, வண்டலூர் தாண்டிப் போவானா என்பதுதான் அந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. புள்ளியியல் படித்த நான் பிறகு எதற்கு இருக்கிறேன் என்று தோன்றியது.

கையில் தரவு இருந்தது. தாம்பரத்தில் அவனைப் பார்க்கிற டாக்டரம்மா, தினமும் மாலையில் அவன் எவ்வளவு கலவரமாக இருந்தான் என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார். வேலையிலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்து அதைப் பதிவது என் பொறுப்பு. ஒன்றரை வருஷத்துக்கு மேல் சேர்ந்திருந்தது. பல வாத்தியார்களுக்கு ஆராய்ச்சிக்குக் கிடைக்காத அளவு ஒழுங்கான தரவு. இதை நினைத்துப் பெருமைப்பட்டதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதலில் கணவருடைய கட்சியைச் சோதித்தேன். கீழ் அச்சில் நாட்கள், செங்குத்து அச்சில் அவனுடைய எண். நோய் முற்றுகிறது என்றால் தொடர்புப் போக்குக் கோடு, அதாவது புள்ளிகளுக்கு நடுவே போகிற நேர்கோடு, மேலே ஏற வேண்டும். கோடு தரையில் படுத்துக் கிடந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உனக்கு மார்க் போடத் தெரியல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்தது அத்தையின் நிலா. ஒவ்வொரு நாளுக்கும், பக்கத்தில் இருக்கிற அமாவாசை எத்தனை நாள் தூரம் என்று ஒரு எண் எழுதினேன். அமாவாசையன்று பூஜ்யம், முதல் நாளும் மறுநாளும் ஒன்று, அப்படியே பௌர்ணமிவரை போகும். நிலாவுக்கு எந்தச் சக்தியும் இல்லையென்றால் இந்தக் கோடும் படுத்துக் கிடக்க வேண்டும். இதோடு அத்தை வாயை அடைத்துவிடலாம் என்ற ஆசையோடுதான் பட்டனைத் தட்டினேன்.

கோடு சரிந்தது. அமாவாசைக்குப் பக்கத்தில் மேலே தொடங்கி, தள்ளிப்போகப் போகக் கீழே இறங்கியது. இரண்டுக்கும் எவ்வளவு தொடர்பு என்று சொல்கிற ஒட்டுறவுக் கெழு கண்டுகொள்ளாமல் விடுகிற அளவில் இல்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன். அத்தை ஜெயித்துவிட்டார், நானும் இஸ்திரிக்காரரும் ஒரே கட்சிக்கு வந்துவிட்டோம் என்று கசப்பாகச் சிரித்துக்கொண்டேன்.

எண்ணை மட்டும் பார்க்காதே, படத்தைப் பார் என்று மாணவர்களிடம் கத்துகிறவள் நான். எரிச்சலில் அதையே மறந்திருந்தேன். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து புள்ளிகளைத் திரையில் பரப்பிப் பார்த்தேன். அங்கே சரிவு என்று ஒன்று இல்லவே இல்லை. மற்ற நாட்களெல்லாம் கீழே ஒரே மட்டத்தில் கோலப்புள்ளி மாதிரி கிடந்தன. பூஜ்யத்துக்கு நேராக மட்டும் ஒரு கொத்து உயரத்தில் நின்றது. அந்த ஒரு கொத்துதான் கோட்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது.

நிலா என்றால் அப்படி இருக்காது. நிலா ஒரே நாளில் போய் ஒரே நாளில் வருவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. அது இவனைப் பிடித்து ஆட்டினால் முதல் நாளும் மறுநாளும் கொஞ்சமாவது ஆட்ட வேண்டும். முதல் நாள் சாதுவாக இருக்கிறான். மறுநாளும் சாதுவாக இருக்கிறான். நடுவில் காலண்டர் தாளில் அமாவாசை என்று அச்சடித்திருக்கிற அந்த ஒரு நாள் மட்டும் கத்துகிறான். நடப்பது வானத்தில் இல்லை, எங்கள் வீட்டுக்குள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பூஜ்யத்துக்கு நேராக இருந்த அந்தக் கொத்தில் சேராமல் இரண்டு புள்ளிகள் மட்டும் கீழே, மற்ற நாட்களோடு நாட்களாகக் கிடந்தன. அமாவாசைதான், ஆனால் அவன் கத்தாத அமாவாசை. இப்படி விலகி நிற்கிற புள்ளிகளை அழித்துவிட்டுக் கோட்டை அழகாக்குவது என் மாணவர்களுக்குக் கைவந்த கலை. நான் தேதியைப் பார்த்தேன். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை என்ன வித்தியாசம்? நானும் கணவரும் வீட்டில் இருக்கிறோம். அதனால் சந்தோஷமாக இருக்கிறான் என்று வைத்துக்கொண்டால், நாங்கள் இல்லாத மற்ற எல்லா வேலை நாட்களிலும் அல்லவா கத்த வேண்டும்? கத்துவதில்லை. யோசித்துப் பார்த்து அலுத்துப்போய், அடுத்த அமாவாசைக்குக் கல்லூரியில் லீவு சொன்னேன். அது ஒரு வேலை நாள். தலைவலி என்று காரணம் சொன்னேன்.

அன்று காலையில் அத்தை தலைக்குக் குளித்து, வாழைக்காய்ப் பொரியலும் பாயசமும் செய்து, இறந்துபோன மாமாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தார். மொட்டை மாடிக்குப் போய்க் காக்கைக்குச் சோறு வைத்தார். தம்பிதான் கூடப் போய்க் கா, கா என்று கூப்பிட்டான். இறங்கி வந்து சாப்பிட்டான். இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டான். கலவரத்தின் அறிகுறியே இல்லை. எண் போடச் சொன்னால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

அவன் கை கழுவிவிட்டு வந்ததும் அத்தை, "வாப்பா" என்று பின்கட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டிலில் உட்காரவைத்தார். தண்ணீர்ச் சொம்பை உள்ளே வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். சமையல் முடிந்ததும் கேஸை மூடுவாரே, அதே சாதாரணத்தோடு போட்டார். என்னிடமிருந்து மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"என்ன அத்தை பண்றீங்க?"

"எப்பவும் பண்றதுதானேம்மா. அமாவாசையில்ல? நீ வர்றதுக்குள்ள, விளக்கு வைக்கற நேரத்துக்குத் திறந்துடுவேன்."

"ஞாயித்துக்கிழமைல பூட்டறதில்லையே?"

"அன்னிக்குப் பெரியவன் இருக்கான். இன்னிக்கு நாம ரெண்டு பொம்பளைங்க. அவன் ரோட்டுக்குக் கிளம்பிட்டா நம்மால புடிக்க முடியுமா?"

பிறகு உட்கார்ந்து சொன்னார். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் நடந்தது. மாமா இறந்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசையன்று இவன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். சானடோரியம் ஸ்டேஷனில் தண்டவாளத்தில் இறங்கிப் பல்லாவரம்வரை நடந்திருக்கிறான். எதிரில் ரயில் வந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் இழுத்துப்போட்டு, விசாரித்து, ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். காலெல்லாம் ரத்தம். அன்றிலிருந்து அமாவாசை என்றால் அத்தை தாழ்ப்பாள் போடுகிறார். பிள்ளை உயிரோடு இருப்பதற்குக் காரணமே அந்தத் தாழ்ப்பாள்தான் என்று நம்புகிறார். அவர் நம்பிக்கையில் எனக்குக் குறை காண முடியவில்லை. அந்த ரயிலை அவர் ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரம் அறையில் சத்தமில்லை. பிறகு கதவை மெதுவாகத் தட்டினான். யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி தட்டுகிற மாதிரி மரியாதையாகத் தட்டினான். "அம்மா" என்றான். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை விரித்துத் தட்டினான். பிறகு சொம்பு கதவில் மோதியது. மதியத்துக்கு மேல் அந்தப் பழைய சத்தம் தொடங்கியது. "பாத்தியா, ஏறிடுச்சு" என்றார் அத்தை. வானத்தில் ஏதோ ஏறிவிட்டது என்பதுபோல் மேலே கையைக் காட்டினார்.

நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். கதவு திறந்தும் அவன் கத்துவது நிற்கவில்லை. ஆரம்பித்துவிட்டால் அன்று முழுக்க நிற்பதில்லை. எனக்கு அழுகை வந்தது. மூன்றாவது ஒன்றைத் தேடு, தேடு என்று வருஷாவருஷம் சொல்கிறேன். கண்டுபிடித்தால் இப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவருக்குப் படத்தைக் காட்டினேன். தாழ்ப்பாள் போட்ட அமாவாசைகளைச் சிவப்பாக்கியிருந்தேன். சிவப்பெல்லாம் மேலே, மற்றதெல்லாம் கீழே. அவர் திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். அத்தை பூண்டு உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இது என்ன கோடு?"

சொன்னேன். எளிமையாகச் சொல்ல எனக்கு வரும், அதுதான் என் தொழில். நிலா தேய்வதையும் புள்ளிகள் தேயாமல் நிற்பதையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன்.

"அப்போ நிலா இல்லையா?"

"இல்ல அத்தை."

"அப்போ நானா?"

பூண்டு உரித்த கை நின்றுவிட்டது. வகுப்பில் நான் தினமும் சொல்கிற வாக்கியம் ஒன்று இருக்கிறது, ஒட்டுறவு இருப்பதாலேயே காரணம் என்று ஆகிவிடாது என்று. என் வாழ்க்கையில் முதல்தடவையாக அதன் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.

"அப்படி உறுதியா சொல்ல முடியாது அத்தை. ரெண்டும் சேர்ந்து வருது, அவ்வளவுதான்."

"பாடம் நடத்தாதம்மா. நானான்னு கேக்கறேன்."

"ஆமா அத்தை" என்றேன்.

அவர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "இத்தனை வருஷமா" என்று மட்டும் சொன்னார். பூண்டுத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்து போனார். பழி நிலாவின்மேல் இருந்தவரை எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி வலித்ததில்லை. அதை அங்கேயே விட்டிருக்கலாமோ என்று அன்றும் நினைத்தேன், இன்றும் சில நாள் நினைக்கிறேன்.

கணவர் லேப்டாப்பை மூடினார். "வண்டலூர் இல்லத்துல பெட் ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். "அடுத்த அமாவாசை பாக்கலாம். தாழ்ப்பா போட வேணாம். நீ வேணா லீவு போட்டுக்கோ. அன்னிக்கும் கத்தினா மறுநாளே வண்டி வரச் சொல்லிடுவேன். என்னால இதுக்கு மேல முடியாது."

அத்தையிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டிருந்தது.

அடுத்த அமாவாசைக்குப் படையல் வழக்கம்போல் நடந்தது. அத்தை பாயசத்தில் சர்க்கரையை மறந்துவிட்டார். தம்பி அதை அப்படியே குடித்தான். கை கழுவிவிட்டு வந்தான். அத்தை எழுந்திருக்கவில்லை. நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு தானாகவே சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்கட்டு அறைக்குப் போனான். கட்டிலில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

"அம்மா, தாழ்ப்பா" என்றான்.

அத்தை வாசலில் போய் நின்றார். "வேணாம்பா. இன்னிக்குத் திறந்தே இருக்கட்டும். நீ வந்து டிவி பாரு."

"அமாவாசைம்மா."

"இருந்தா இருக்கட்டும். உனக்கு ஒண்ணும் ஆகாது."

"ரோட்டுக்குப் போயிடுவேன்மா. தாழ்ப்பா போடு." முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினான். உள்ளங்கையால் சுவரைத் தட்டினான், மெதுவாக, பிறகு இன்னும் கொஞ்சம் வேகமாக. மூச்சு வாங்கியது. எனக்கு அந்தச் சத்தத்தின் அடுத்த படி தெரியும், அதற்கு அடுத்த படியும் தெரியும். கோட்டை நிமிர்த்தியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனும் எங்களோடு இத்தனை வருஷம் அமாவாசையை நம்பியிருக்கிறான் என்பதை நான் எந்த அச்சிலும் போடவில்லை.

அத்தை ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூட்டுவலி உள்ளவர், தரையில் உட்காரவே மாட்டார். உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே, அவன் காலுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, வெளில போட்டுட்டுப் போ" என்றார் என்னிடம்.

"அத்தை..."

"போடும்மா. நான் உள்ளதான் இருக்கேன்."

கதவைச் சாத்தினேன். இருவருக்கும் கேட்கும்படி தாழ்ப்பாளை டக்கென்று தள்ளினேன். உள்ளேயிருந்து தம்பி, "அண்ணி, போட்டாச்சா?" என்றான். "போட்டாச்சு தம்பி" என்றேன். சுவரைத் தட்டுவது நின்றது. கொஞ்சம் பொறுத்து, சத்தம் வராமல் விரலால் தாழ்ப்பாளைப் பழைய இடத்துக்கே இழுத்து எடுத்துவிட்டேன், கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

மதியம் கணவர் ஆபீசிலிருந்து போன் செய்தார். "கத்தறானா?"

"இல்ல."

"கேக்கட்டும், போனைக் கதவுகிட்ட வை."

வைத்தேன். மேலே ஒரு விமானம் போயிற்று. அது ஓய்ந்ததும் உள்ளே "இறங்கிட்டான்" என்று ஒரு குரல் கேட்டது. "இறங்கிட்டானா, சரி" என்று இன்னொரு குரல் கேட்டது. போனில் அவர் மூக்கை உறிஞ்சினார். "அந்த பெட் வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். "அவன் இங்கயே இருக்கட்டும்."

நான் வீட்டைக் கூட்டினேன், துணி மடித்தேன், காபி போட்டேன். அத்தனை நேரமும் கண் அந்தக் கதவின்மேல்தான் இருந்தது. ஒரு தடவை அசைந்தால் போதும் என்றிருந்தது. அம்மாவோ பிள்ளையோ, யாராவது ஒருவர் விளையாட்டுக்காவது தள்ளிப் பார்த்திருக்கலாம். கதவு அசையவில்லை.

பொழுது சாய்ந்தது. விளக்கேற்றிவிட்டுப் போய்க் கதவைத் தள்ளினேன். அறை இருட்டாக இருந்தது. தம்பி கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கை அத்தையின் தோளில் கிடந்தது. அத்தை காலை நீட்டவும் முடியாமல், மடக்கவும் முடியாமல், நான் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"திறந்துட்டியாம்மா?" என்றார்.

"திறந்துட்டேன் அத்தை" என்றேன்.